கவுன்சலிங் பயிற்சிக்குள் ஏஐ: ஒரு சூப்பர்வைசரின் அனுபவம்

கடந்த சில வருடங்களாக என் மேசைக்கு வரும் கேஸ் ரிப்போர்ட்டுகள் ரொம்ப அழகாகிவிட்டன. எழுத்துப்பிழை கிடையாது. வந்தவர் சொன்னது, கவுன்சலர் கவனித்தது, மதிப்பீடு, அடுத்த திட்டம் என்று நான்கு பகுதியும் முறைப்படி வரிசையாக இருக்கின்றன. இந்த ஒழுங்குக்காக நான் எத்தனையோ பயிற்சி கவுன்சலர்களோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். இப்போது ரிப்போர்ட்டைப் படித்து முடித்தால், அந்த அறையில் உட்கார்ந்திருந்த கவுன்சலரைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரிவதில்லை.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். எம்.எஸ்.டபிள்யூ., எம்.எஸ்சி. சைக்காலஜி முடித்துவிட்டு கல்லூரிகளிலும் மருத்துவமனைகளிலும் குடும்ப ஆலோசனை மையங்களிலும் வேலை பார்க்கும் இளம் கவுன்சலர்களுக்கு சூப்பர்விஷன் கொடுக்கிறேன். அவர்கள் பார்த்த கேஸ்களை எடுத்துக்கொண்டு வருவார்கள், உட்கார்ந்து பேசுவோம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது மேலதிகாரி கணக்குக் கேட்பதுபோலத் தெரியலாம். உண்மையில் நாங்கள் தேடுவது வேறு. எந்த இடத்தில் அந்த கவுன்சலர் தடுமாறினார், எதைக் கேட்கப் பயந்தார், யாரைப் பார்த்ததும் எரிச்சல் வந்தது, எந்தக் கதை அவருடைய சொந்த வீட்டுக் கதையைக் கிளறிவிட்டது என்பதைத்தான். அவர் தடுமாறிய இடத்தில்தான் பெரும்பாலும் வந்தவரின் பிரச்சினையும் ஒளிந்திருக்கும். ஹரால்ட் சேர்ல்ஸ் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1955-லேயே இதை எழுதினார்: கிளையன்ட்டுக்கும், அதாவது ஆலோசனை கேட்டு வந்தவருக்கும், கவுன்சலருக்கும் நடுவில் நடப்பது, கவுன்சலருக்கும் சூப்பர்வைசருக்கும் நடுவில் மறுபடி நடக்கும் என்று. இத்தனை வருடத்தில் அதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

இந்த உறவுக்கு நடுவில் ஏஐ வந்து உட்கார்ந்தபோது என்ன ஆனது, அதோடு எப்படி வேலை செய்யப் பழகினோம் என்பதைத்தான் எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஒரு பயிற்சி கவுன்சலர், நல்ல கெட்டிக்காரப் பெண், தூக்கம் வராமல் தவிக்கும் நாற்பது வயதுத் தாய் ஒருவரைப் பார்த்துவிட்டு வந்தார். ரிப்போர்ட் ஆங்கிலத்தில் கச்சிதமாக இருந்தது. ‘மகனின் பிரிவு குறித்துக் கவலை தெரிவித்தார், தூக்கப் பழக்கங்கள் விளக்கப்பட்டன, மூச்சுப் பயிற்சி கற்றுத்தரப்பட்டது’ என்ற மாதிரி. எனக்குப் பிடி கிடைக்கவில்லை. “செஷன் முடிஞ்சதும் கையால ஏதாவது குறிச்சு வச்சியாம்மா?” என்று கேட்டேன். பையிலிருந்து ஒரு கசங்கிய தாளை எடுத்தார். அதில் பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாக நாலைந்து வரி. ஒரு வரி இப்படி: ‘பையன் ஹாஸ்டல் – பேச்சு நின்னுடுச்சு – தண்ணி கொண்டுவந்து குடுத்தேன் – அப்புறம் தூக்கம் பத்திப் பேசினோம்.’

அந்தத் தண்ணீர் டம்ளர் ஏஐ எழுதிய ரிப்போர்ட்டில் இல்லை. அதற்கு அது முக்கியமாகப் படவில்லை. எனக்கு அந்த ஒரு மணி நேரத்துக்கும் அது ஒன்றே போதுமானதாக இருந்தது. “அவங்க கேட்டாங்களா?” “இல்லை மேடம்.” “அப்போ ஏன் எழுந்து போனே?” கொஞ்ச நேரம் யோசித்தார். “அவங்க அழப் போறாங்கன்னு தெரிஞ்சுது மேடம். எங்க அம்மா அழறப்ப நான் இப்படித்தான் எழுந்து போயிடுவேன்.” அந்தத் தாய் மகனைப் பற்றி முதல்முறையாக எதையோ சொல்ல வந்திருக்கிறார். சொல்ல வந்தவர், எதிரில் இருந்தவர் எழுந்து போனதும் நிறுத்திவிட்டு, பாதுகாப்பான தூக்கம் விஷயத்துக்குத் திரும்பிவிட்டார். அடுத்த செஷனில் நம் கவுன்சலர் நாற்காலியை விட்டு எழாமல் இருந்தார். மகன் படிப்பை விட்டுவிட்டு எங்கே இருக்கிறான் என்பதே வீட்டில் யாருக்கும் தெரியாது என்ற விஷயம் அன்றைக்குத்தான் வெளியே வந்தது.

அதிலிருந்து எங்கள் குழுவில் வைத்துக்கொண்ட முதல் நடைமுறை: செஷன் முடிந்ததும், போனைத் தொடுவதற்கு முன்னால், கையால் ஒரு பக்கம். வாக்கியமாக இருக்க வேண்டாம், இலக்கணம் வேண்டாம். எங்கே மௌனம் வந்தது, எங்கே நான் பேச்சை மாற்றினேன், என் உடம்பில் என்ன தோன்றியது என்று மூன்று விஷயம் கட்டாயம் இருக்க வேண்டும். சூப்பர்விஷனுக்கு அந்தத் தாள்தான் வரும். நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டிய ரிப்போர்ட் வேறு கணக்கு. அதற்கான வடிவத்தையும், ஆங்கில வாக்கியங்களை எப்படி அமைப்பது என்பதையும் ஏஐயிடம் கேட்டுப் பழகிக்கொள்ளலாம், கற்பனையான ஒரு கேஸை வைத்து. தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு ஆங்கில ரிப்போர்ட் எவ்வளவு பெரிய சுமை என்று எனக்குத் தெரியும். அந்தச் சுமையை இறக்கிவைக்க ஏஐ உதவுகிறது. அதைத் தடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை.

கற்பனையான கேஸ் என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், உண்மையான கேஸை அப்படியே ஒட்டிக் கேட்கிற பழக்கம் நினைப்பதைவிட அதிகமாகப் பரவியிருக்கிறது. “பெயரை எடுத்துட்டுத்தான் மேடம் போட்டேன்” என்பார்கள். பெயரை எடுத்துவிட்டால் போதுமா? ஒரு தாலுகா ஊரில், காவல் நிலையத்தில் வேலை பார்க்கும் பெண், கணவர் துபாயில், இரட்டைக் குழந்தைகள், மாமியாரோடு சொத்துத் தகராறு. அந்த ஊர்க்காரர் யாரிடம் இதைக் காட்டினாலும் பெயரைச் சொல்லிவிடுவார். சின்ன ஊர்களில் ஆளை அடையாளம் காட்டுவது கதைதான்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 23-ஆம் பிரிவில், மனநலச் சிகிச்சை பெறுபவருக்குத் தன் விவரங்கள் ரகசியமாகக் காக்கப்படும் உரிமையைத் தருகிறது. 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. அது 18 வயதுக்குக் கீழே உள்ள எல்லோரையும் குழந்தைகளாகவே கருதி, அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் கேட்கிறது. இன்னொரு பக்கம், ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் தலைவர் சாம் ஆல்ட்மனே 2025 ஜூலையில் ஒரு பேட்டியில் வெளிப்படையாகச் சொன்னார்: டாக்டரிடமும் வக்கீலிடமும் பேசினால் கிடைக்கிற சட்டப் பாதுகாப்பு சாட்ஜிபிடியிடம் பேசுவதற்கு இன்னும் கிடையாது என்று. விற்பவரே இப்படிச் சொன்னபிறகு, அடுத்தவர் வீட்டு ரகசியத்தை அதில் கொண்டுபோய்க் கொட்ட நமக்கு என்ன உரிமை இருக்கிறது? பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் கவுன்சலர்களுக்கு நான் இன்னும் கண்டிப்பாகச் சொல்வேன். குழந்தை சொன்ன எதுவும் எந்த ஏஐக்குள்ளும் போகக் கூடாது. பாலியல் துன்புறுத்தல் என்ற சந்தேகம் வந்தால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி புகார் தெரிவிப்பது கட்டாயம். அந்த நேரத்தில் கவுன்சலர் பேச வேண்டியது சூப்பர்வைசரிடமும், காவல்துறை அல்லது குழந்தைகள் உதவி எண் 1098-இடமும்.

அடுத்தது சம்மதம். இதில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன். செஷனைப் பதிவு செய்து எழுத்தாக்கித் தரும் செயலிகள் வந்துவிட்டன. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் 2025 ஆகஸ்டில் ஒரு சட்டம் போட்டது. சிகிச்சை முடிவுகளை ஏஐ எடுக்கக் கூடாது, கிளையன்ட்டோடு சிகிச்சைப் பேச்சை அது நடத்தக் கூடாது. அலுவலக வேலைகளுக்குப் பயன்படுத்தலாம். செஷனைப் பதிவு செய்து ஏஐக்குக் கொடுப்பதாக இருந்தால் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும். படித்துப் பார்க்க நல்ல சட்டம். ஆனால் நம் ஊரில் கையெழுத்து வாங்குவது ரொம்பச் சுலபம். “நீங்க பார்த்து எது செஞ்சாலும் சரி மேடம்” என்று படிக்காமலே போட்டுவிடுவார்கள். உதவி கேட்டு வந்த இடத்தில் எதிரில் இருப்பவரிடம் ‘வேண்டாம்’ என்று சொல்வது நம் மக்களுக்கு மரியாதைக் குறைவாகப் படுகிறது. அந்தக் கையெழுத்தை நான் சம்மதமாக எடுத்துக்கொள்வதில்லை.

அதனால் நாங்கள் தலைகீழாக வைத்தோம். பதிவு செய்வதில்லை என்பதுதான் வழக்கம். முதல் சந்திப்பில் கவுன்சலர் தன் சொந்தப் பேச்சில் இப்படிச் சொல்வார்: “நாம பேசறதை நான் ரெக்கார்ட் பண்றதில்லை. கையால கொஞ்சம் குறிச்சுக்குவேன். உங்க பேர், ஊர் சொல்லாம என் சூப்பர்வைசர்கிட்ட கலந்து பேசுவேன். உங்க விஷயத்துல ஏஐ மாதிரி எதையாவது பயன்படுத்தணும்னா முதல்ல உங்களைக் கேட்பேன். அப்போ வேண்டாம்னு சொன்னாலும் இங்க உங்களுக்குக் கிடைக்கறதுல ஒண்ணும் குறையாது.” பயிற்சிக்காக ஒரு செஷனைப் பதிவு செய்தே ஆக வேண்டுமென்றால், கேட்டுவிட்டு அன்றைக்கே பதில் வாங்குவதில்லை. அடுத்த வாரம் சொல்லுங்கள் என்று அனுப்பிவிடுகிறோம். ஒரு வாரம் கழித்து ‘வேண்டாம்’ என்று சொல்பவர்கள் நிறையவே இருக்கிறார்கள்.

ஏஐயை நான் மனதார வரவேற்கும் இடம் ஒன்று இருக்கிறது. ரோல் பிளே. ஏஐயைக் கிளையன்ட்டாக நடிக்கச் சொல்லிப் பயிற்சி செய்வது. இதன் பலவீனம் தெரிந்துதான் சொல்கிறேன். மனைவி இழுத்துக்கொண்டு வந்த கணவராக நடிக்கச் சொன்னால், முதலில் முறைப்பாகத்தான் பேசும். நாலு நல்ல கேள்வி கேட்டதும் மனம் திறந்து, நன்றியும் சொல்லிவிடும். நிஜத்தில் அந்த மனுஷன் கையைக் கட்டிக்கொண்டு, “நான் நல்லாத்தான் இருக்கேன், அவளைக் கேளுங்க” என்று நாலு செஷன் உட்கார்ந்திருப்பார். இதை மட்டும் வைத்துப் பழகியவர்கள், உண்மையான ஆள் இளகாதபோது தன்மேல்தான் குறை என்று நொந்துபோகிறார்கள்.

ஆனால் தற்கொலை எண்ணத்தைப் பற்றி நேராகக் கேட்பதற்கு இந்தப் பயிற்சி அருமையாக உதவுகிறது. கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை என்று பாடத்தில் படித்திருப்பார்கள். படித்திருந்தும் அந்த வார்த்தை வாயில் வராது. ‘தப்பா ஏதாவது எண்ணம் வருதா’ என்று சுற்றி வளைப்பார்கள், வந்தவரும் இல்லை என்று தலையாட்டிவிடுவார். பயிற்சி கவுன்சலரான ஒரு பையனை, தனியறையில், ஏஐயிடம் குரல் வழியாகவே “செத்துடலாம்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கீங்களா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டுப் பழகச் சொன்னேன். அடுத்து என் முன்னால் கேட்கச் சொன்னேன். முதல் தடவை குரல் நடுங்கியது, பிறகு அந்த நடுக்கம் நின்றது. நூறு பேர் முன்னால் நடிப்பதைவிட ஒரு இயந்திரத்தின் முன்னால் திணறுவது சுலபம் என்பதால் இது வேலை செய்கிறது. கற்பனை நபர், கற்பனைக் கதை என்பதால் ரகசியம் உடையும் பயமும் இல்லை. நிஜமான ஆபத்து எதிரில் வந்துவிட்டால் மட்டும் ஏஐக்கு அங்கே இடமே இல்லை. வந்தவரைத் தனியே விடாமல், சூப்பர்வைசரைக் கூப்பிட வேண்டும், குடும்பத்தைச் சேர்க்க வேண்டும், மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். 24 மணி நேரமும் தமிழில் பேசக்கூடிய, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 எங்கள் எல்லோருடைய போனிலும் இருக்கிறது.

எனக்கே தெரியாமல் நடந்துகொண்டிருந்த ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். பயிற்சி கவுன்சலர்கள் ராத்திரி ஏஐயிடம் சூப்பர்விஷன் வாங்கிக்கொண்டிருந்தார்கள். சூப்பர்வைசரிடம் எல்லோரும் எதையாவது மறைக்கிறார்கள் என்பது பழைய கதை. நிக்கோலஸ் லடானியும் சக ஆய்வாளர்களும் அமெரிக்காவில் நடத்தி 1996-இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சியாளர்களில் ஏறக்குறைய எல்லோருமே ஏதோ ஒன்றைச் சொல்லாமல் விட்டது தெரியவந்தது. மேடம் என்ன நினைப்பாரோ என்ற பயம் நம் ஊரில் இன்னும் கூடுதல். முன்பு அந்தக் கேள்விகள் தோழிகளிடம் போகும், அல்லது உள்ளேயே கிடக்கும். இப்போது ஏஐயிடம் போகின்றன.

ஒருவர் அப்படிக் கேட்ட கேள்வி இது. கிராமத்திலிருந்து வரும் ஒரு பெண், நாலாவது செஷனுக்குத் தன் வீட்டு மரத்து முருங்கைக்காயைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துவந்திருக்கிறார். வாங்கலாமா? ‘கிளையன்ட்டிடம் பரிசு வாங்குவது தொழில்முறை எல்லையை மீறும், பணிவாக மறுத்துவிடுங்கள், ஏன் கொடுக்கத் தோன்றியது என்று பேசுங்கள்’ என்று ஏஐ சொல்லியிருக்கிறது. இவரும் அடுத்த தடவை அப்படியே செய்தார். அந்தப் பெண் காயைப் பையில் திரும்ப வைத்துக்கொண்டு கிளம்பியவர், மறு வாரம் வரவில்லை. பிறகுதான் என்னிடம் வந்தது விஷயம்.

அமெரிக்க கவுன்சலிங் சங்கத்தின் 2014 நெறிமுறையைப் பிரித்துக் காட்டினேன். சில பண்பாடுகளில் சிறு பரிசு என்பது மரியாதையின், நன்றியின் அடையாளம் என்று அதிலேயே இருக்கிறது. பொருளின் மதிப்பு, கொடுப்பவரின் நோக்கம், நமது நோக்கம் எல்லாவற்றையும் பார்த்து முடிவு செய்யச் சொல்கிறது. ஏஐ அதைவிடக் கறாராகப் பதில் சொல்லியிருந்தது. அந்தப் பெண்ணின் புகுந்த வீட்டில் அவர் கையால் கொடுத்த எதையும் யாரும் மதித்து வாங்கியதில்லை என்பது எங்கள் கவுன்சலருக்குத் தெரியும், அவரே என்னிடம் சொன்னதுதான். ஏஐயிடம் கேட்டபோது அதை அவர் சொல்லவில்லை, அதுவும் கேட்கவில்லை. நான் கேட்டிருப்பேன், ஏனென்றால் எனக்கு அந்தக் கதை முதல் செஷனிலிருந்தே தெரியும். போன் செய்து, “அன்னிக்கு நான் வாங்கிக்காதது உங்களுக்குக் கஷ்டமா இருந்திருக்கும்” என்று பேசச் சொன்னேன். அந்தப் பெண் திரும்ப வந்தார்.

இதற்குப் பிறகு, “ஏஐகிட்ட கேட்காதீங்க” என்று நான் உத்தரவு போடவில்லை. போட்டிருந்தால் கேட்டுவிட்டு மறைப்பார்கள், அவ்வளவுதான். அதற்குப் பதிலாக அந்த உரையாடலையே கொண்டுவரச் சொன்னேன். இப்போது ஒவ்வொரு சூப்பர்விஷனிலும் ஒரு பத்து நிமிடம் அதற்கு. என்ன கேட்டாய், அது என்ன சொன்னது, எதைச் சொன்னபோது நிம்மதியாக இருந்தது, இதை ஏன் என்னிடம் கேட்கத் தோன்றவில்லை? கடைசிக் கேள்விக்கு வரும் பதில்கள் எனக்கானவை. “நீங்க பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒரு பெருமூச்சு விடுவீங்க மேடம்” என்றார் ஒருவர். அதைக் கேட்ட பிறகு நான் என்னைக் கவனித்துக்கொள்கிறேன். ஏஐயின் பதிலைத் திருத்தும் வேலையையும் அவர்களுக்கே கொடுக்கிறேன். இந்தப் பதில் எந்த ஊர் கவுன்சலருக்குப் பொருந்தும், நம் கிளையன்ட் விஷயத்தில் எங்கே இடிக்கும் என்று எழுதிவரச் சொல்வேன். அவர்களுடைய யோசனை இதனால் கூர்மையாகிறது என்பதை நேரில் பார்க்கிறேன்.

வருபவர்களும் ஏஐயோடு பேசிவிட்டுத்தான் வருகிறார்கள். 2025 அக்டோபரில் ஓப்பன்ஏஐ வெளியிட்ட கணக்கில், ஒரு வாரத்தில் சாட்ஜிபிடியைப் பயன்படுத்துபவர்களில் 0.15 சதவீதம் பேரின் உரையாடலில் தற்கொலைத் திட்டத்துக்கோ நோக்கத்துக்கோ வெளிப்படையான அறிகுறி இருந்தது. வாரத்துக்கு 80 கோடிப் பேர் என்றால், அது 12 லட்சம் பேர். அதனால் முதல் சந்திப்பிலேயே, “இதைப் பத்தி வேற யார்கிட்ட பேசியிருக்கீங்க? வீட்ல, ஃப்ரெண்ட்ஸ்கிட்ட, ஏஐகிட்ட?” என்று சாதாரணமாகக் கேட்கச் சொல்கிறேன். ஏளனமோ அதிர்ச்சியோ தெரியாமல் கேட்டால் போனையே எடுத்துக் காட்டுவார்கள்.

ஒரு இன்ஜினியரிங் மாணவர் அப்படிக் காட்டினார். எங்களிடம் படிப்பில் கவனம் இல்லை என்று மட்டும் சொல்லிவந்தவர், ஏஐயிடம் அரியர் எத்தனை, வீட்டில் வாங்கிய கடன் எவ்வளவு என்று எல்லாவற்றையும் எழுதியிருந்தார். எதனால் அதனிடம் சொல்ல முடிந்தது என்று கவுன்சலர் கேட்டதற்கு, “அதுக்கு முகம் மாறாது மேடம்” என்றாராம். எங்கள் கவுன்சலர் வாடிப்போய் வந்தார். “அப்போ நான் எதுக்கு மேடம்?” அன்றைய சூப்பர்விஷன் முழுக்க அந்த வருத்தத்தோடுதான் போனது. பிறகு அந்தப் பையன் யாருடைய முகம் மாறியதைப் பார்த்தான் என்ற பக்கம் பேச்சு திரும்பியது. முதல் அரியரைச் சொன்ன நாளில் அவன் அப்பா முகம் மாறி, எழுந்து வெளியே போய்விட்டிருக்கிறார். முகம் மாறும், ஆனாலும் எதிரில் இருப்பவர் எழுந்து போக மாட்டார் என்பதை அவன் ஒரு மனிதரிடம்தான் அனுபவிக்க முடியும். ஏஐயிடம் எழுதியதை அவனே வாய்விட்டுப் படிக்க, கவுன்சலர் கேட்டுக்கொண்டிருந்தார். ஏஐ அந்த அளவுக்கு உதவியது என்று நான் தயங்காமல் சொல்வேன்.

பெரிய கவலை ஒன்று மிச்சமிருக்கிறது. நம் நாட்டில் பெரும்பாலான கவுன்சலர்களுக்கு சூப்பர்வைசரே கிடையாது. பணம் கொடுத்துப் பெறும் நிலையிலும் இல்லை. 2021-ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் கவுன்சலர்களையும் தன் பட்டியலுக்குள் கொண்டுவந்திருக்கிறது. தொடர்ச்சியான சூப்பர்விஷன் அதன்வழியே கட்டாயமாக வேண்டும் என்பது என் ஆசை. அதுவரை, மாவட்டத்தில் தனியாக உட்கார்ந்து ஒரு நாளைக்குப் பத்துப் பேரைப் பார்க்கும் கவுன்சலர் ராத்திரி ஏஐயிடம் கேட்டால் நான் குற்றம் சொல்ல மாட்டேன். அவர்களிடம் கேட்டுக்கொள்வது, பக்கத்து ஊர்களில் இதே வேலை செய்யும் மூன்று நான்கு பேரைத் தேடிப் பிடியுங்கள் என்பதுதான். மாதம் இரண்டு தடவை, ஒரு மணி நேரம், போனில். ஆளுக்கு ஒரு கேஸ், பெயரும் ஊரும் இல்லாமல், கையால் எழுதிய தாளோடு. ரிப்போர்ட் படிக்க வேண்டாம், தடுமாறிய இடத்தை மட்டும் சொல்லுங்கள். தெற்கு மாவட்டங்களில் அப்படி ஒரு குழு செவ்வாய்க்கிழமை இரவுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. எப்போதாவது என்னையும் கூப்பிடுவார்கள். இப்போதெல்லாம் நான் இல்லாமலே நன்றாக நடத்துகிறார்கள்.